தேயாத மூட்டு

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்றவர்களை ஒரு பொருட்டாக மதிக்காமல், எரிந்து முடிந்த கணவனுக்குப் பால் தெளிக்க மரகதவல்லி தானே வந்திருந்தாள். அவளுக்கு முன்பே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கோழி குப்பையைக் கிளறுவதுபோலச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார் பேராசிரியர் வேதமூர்த்தி. துக்கம் விசாரிக்கவெல்லாம் அவருக்கு நேரமில்லை. தேடியது கடைசியில் அகப்பட்டது: அவர் கண்டுபிடித்த உலோகத்தில் செய்து, சோதனைக்காக அவள் கணவனுக்குப் பொருத்திய முழங்கால் மூட்டு. கைக்குட்டையால் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட மனுஷன் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

“பாருங்கம்மா, இத்தனை வருஷத்துல துளி தேய்மானம் இல்ல! உலகமே திரும்பிப் பாக்கப்போகுது.”

“எப்படிங்க தேயும்? இதை வச்ச நாள்லேருந்து அவரு ஒரு எட்டு எடுத்து வைக்கலையே. கட்டில்லயேதான கெடந்தாரு.”

“அது டாக்டருங்க சமாச்சாரம்மா. நான் உலோகத் துறை” என்றவர், ஒரு கையில் செல்போனை எடுத்துக்கொண்டு, படமெடுக்க வாகாக மூட்டை மறு உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார்.

மரகதவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொம்பிலிருந்த பால் முழுவதையும் அந்தக் கையின்மேல் நிதானமாக ஊற்றினாள்.