உப்புப் போட மறந்த சாயம்

பனியன் கம்பெனிக்குப் போகும்போது நதியா சேலைக்கு மேல் போட்டுக்கொள்வது கணவன் ஆரோக்கியராஜின் நீலச் சட்டையை. அவன் இறந்த இந்த ஒரு வருஷத்தில் அது வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயப்பவுடர் வாங்கி வந்து, கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு, வாசலில் ஒரு வாளி வெந்நீரில் கரைத்துச் சட்டையை முக்கினாள்.

வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் எட்டிப் பார்த்தார். "உப்புப் போட்டியா கண்ணு? இல்லாட்டி சாயம் நிக்காது."

"மறந்துட்டேன்க்கா."

ஆரோக்கியராஜ் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். இருந்திருந்தால் அவனே போட்டிருப்பான். நதியா கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு உப்பெடுக்க உள்ளே போனாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அடுப்படியில் உப்பு டப்பா திறந்து கிடந்தது. நேற்று நிரப்பிய கல்லுப்பில் பாதியைக் காணோம். வெள்ளை மூடியில் நான்கு விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

பட்டறையிலிருந்து வந்ததும் அந்தக் கையோடுதான் அவன் எல்லாவற்றையும் தொடுவான்.

"எத்தன தடவ சொல்றது," என்றாள் நதியா மெதுவாக. "கையக் கழுவிட்டுத் தொடுங்கன்னு."

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.