இருபது மார்க் அவரைச்செடி

"போயிடுச்சு" என்றார் பஸ் டிரைவர், குரலைத் தாழ்த்தி. கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

அவர் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயையோ, எப்போ?"

"தெரியலை. இப்பதான் பார்த்தேன். தலை தொங்கிக் கிடக்கு. புள்ளைக்குத் தெரியக் கூடாது, தாங்க மாட்டா."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருவரும் பூனைபோல நடந்து ஜன்னலோரம் போய் நின்றார்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் கப்பில், நான்கே இலைகள் விட்டிருந்த அவரைச்செடி துவண்டு மண்ணில் சாய்ந்து கிடந்தது.

"இதுக்கா இந்த மூஞ்சி? நான் உங்க பெரியப்பாவோன்னு பயந்துட்டேன்" என்றாள் மனைவி.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு உயிரியல் ப்ராஜெக்டுக்காக மகள் வைத்திருக்கும் செடி அது. முழுசாக இருபது மார்க். காலாண்டில் அவள் உயிரியலில் முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். இந்த இருபதும் போனால் ஃபெயில் நிச்சயம்.

காலாண்டு மார்க்கைப் பார்த்து டிரைவர் போட்ட கூச்சலில் பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதறிப்போன மனிதர், உயிரியல் விஷயத்தில் இனி வாயே திறப்பதில்லை என்று மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ரோட்டில் லாரிக்காரனையே ஓரம் கட்ட வைக்கிறவர், வீட்டில் அப்படி.

சத்தியம் மட்டும் இல்லையென்றால் நன்றாகக் கேட்டிருப்பார். மகள் தினமும் சாயங்காலம் ஸ்கேல் வைத்து அளந்தாள், இலையை எண்ணினாள், நோட்டில் எழுதினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றவில்லை. செடியின் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு சொம்புத் தண்ணீரையும் தானே குடித்துவிட்டுப் போனாள்.

கூட்டாகச் செய்யும் ப்ராஜெக்ட் அது. சிநேகிதியிடமும் இதேபோல ஒரு கப். அந்தச் செடி ஜம்மென்று வளர்கிறதாம்.

"அவளோடது மட்டும் எப்படிம்மா அவ்ளோ உயரம்?" என்று ஒருநாள் நைசாகக் கேட்டுப் பார்த்தார்.

"அவளோடது அப்படித்தான்ப்பா இருக்கும்" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். பெற்ற மனம் என்ன பாடுபடும்!

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"சாயங்காலம்தானே அளப்பா? அதுக்குள்ள பார்த்துக்கறேன்" என்று கப்பை டிபன் பைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று செடி விற்கும் கடை வாசலில், ஸ்டாப்பிங்கே இல்லாத இடத்தில், பஸ் நின்றது. "என்னய்யா, பிரேக் டவுனா?" என்று பயணிகள் கத்தினார்கள். கண்டக்டர் விசில் ஊதி ஓய்ந்தபோது, டிரைவர் அதே கப்பில், அதேபோல நான்கே இலை விட்ட புது அவரைச்செடியோடு ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு தினமும் மகள் குளிக்கப் போனதும் அவருடைய வைத்தியம் ஆரம்பமாகும். மேல்மண் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும் என்று, இருமல் மருந்தோடு வந்த ஊசியில்லாத சிரிஞ்சை மண்ணுக்குள் செருகி வேருக்கே தண்ணீர் விட்டார்.

"படிக்கிறது அவளா, நீங்களா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

செடி நன்றி கெட்டதில்லை. நாளுக்கு ஒரு விரற்கடை ஏறியது. மகள் அளந்துவிட்டு ஸ்கேலைப் பார்ப்பாள், செடியைப் பார்ப்பாள், மறுபடியும் ஸ்கேலைப் பார்ப்பாள். "இன்னிக்கும் வளர்ந்திருக்குப்பா..." என்று இழுப்பாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

ப்ராஜெக்ட் நாள் வந்தது. பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். டிரைவர் லீவு போட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார்.

மேஜைமேல் இரண்டு கப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சிநேகிதியின் செடியைவிட மகளின் செடி ஒரு சாண் உயரம். டிரைவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

உயிரியல் டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லு. இதுக்குத் தண்ணி ஊத்தினியா, இல்லையா?"

"சத்தியமா ஒரு சொட்டுக்கூட ஊத்தலை மிஸ்!" மகளின் குரல் உடைந்தது. கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் சோம்பேறித்தனத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு இருபது மார்க்கையும் தொலைக்கிறாளே அசட்டுப் பெண்! மனைவிக்குச் செய்த சத்தியமாவது, ஒன்றாவது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"டீச்சரம்மா, புள்ள பயத்துல உளறுது. ஒரு வேளைகூடத் தவறாம அவதான் ஊத்தினா. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். சிநேகிதி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

மகள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்பா... அது செத்தாதான்ப்பா எனக்கு மார்க்கு!"