திறக்க வேண்டாமா?

“உன் நீலப்பெட்டி வந்தாச்சுடி!” பக்கத்து மேஜைக்காரி கண்ணைச் சிமிட்டினாள்.

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியைத் திறந்து சோதிக்கிற வேலை இவளுக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார் அந்த நீலப்பெட்டிக்காரர். பக்கத்து வரிசை ஈயடித்தாலும் இவள் வரிசையில்தான் வந்து நிற்பார்.

“வயசு அறுபதாகப் போகுது, பாரேன்!” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். இவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

“பெட்டியை நீங்களே அடுக்கினீங்களா சார்?” எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான்.

“வேற யாரும்மா இருக்கா?” வாராவாரம் அதே பதில். சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

உள்ளே சட்டைகள் பந்து பந்தாய்ச் சுருட்டிக் கிடந்தன. துழாவிவிட்டு அப்படியே தள்ளிவிடலாம். இவளுக்கு மனசு வராது. ஒவ்வொன்றாய் மடித்து வைத்தாள். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சீக்கிரம்மா! அந்த மூலையில மெஷினை வெச்சுக்கிட்டு என்ன, அடைகாக்கறீங்களா?” பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ரெண்டு வருஷமாய் நிற்கிறது அது. பெட்டியைத் துணியால் துடைத்து, துணியை அதில் வைத்தால் போதும். வெடிமருந்து இருக்கிறதா என்று பத்தே நொடியில் சொல்லிவிடுமாம்.

“மேலிடத்துக் கையெழுத்து வரலை சார்.”

“எவனோ ஃபைல் மேல உட்கார்ந்துட்டிருக்கான்! நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

வரிசையே சேர்ந்து திட்டியது. நீலப்பெட்டிக்காரர் மட்டும் அந்த மெஷின் பக்கம் திரும்பவே இல்லை.

மேஜைக்கடியில் போன் அதிர்ந்தது. குனிந்து எடுத்தாள்.

“அழாதடா கண்ணு... வாட்ச்மேன் மாமா பக்கத்துலயே நில்லு. வரிசை குறையலடா, அம்மா என்ன பண்ணுவேன்? எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சா? இன்னிக்கும் நீ மட்டும்தானா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

மூன்றே வாரத்தில் மெஷின் ஓட ஆரம்பித்தது. வரிசை மளமளவென்று கரைந்தது.

வெள்ளிக்கிழமை நீலப்பெட்டி வந்தது. துடைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“போகலாம் சார்.”

“திறக்க... வேண்டாமா?”

“இனிமே வேண்டாம் சார். எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போட்டாரோ, அவர் நல்லா இருக்கணும். இப்பெல்லாம் ஸ்கூல் விடறதுக்குள்ள கேட்டுல நான் நிக்கறேன்.”

அவர் பெட்டியைத் தூக்கவில்லை.

“நான்தாம்மா போட்டேன். ரெண்டு வருஷமாப் போடாம வெச்சிருந்ததும் நான்தான். மெஷின் வந்துட்டா என் சட்டையை மடிச்சு வைக்க யாரு இருக்கா... உங்க பாப்பா அங்க தனியா நிக்கறது எனக்கு அன்னிக்குத்தாம்மா தெரிஞ்சுது.”