எதிரி

நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள். தீர்ப்புச் சொல்ல ஊரிலிருந்து எடுக்கப்பட்ட யூரிமார் ஏழு பேருக்கும் இதை யாரும் சொல்லவில்லை. "சந்தேகம் இருந்தால் அதன் பலனை எதிரிக்கே கொடுக்க வேண்டும்" என்று நீதிபதி அறிவுறுத்தினார். அவர்கள் அப்படியே கொடுத்தார்கள். கூண்டில் நின்ற சிவகடாட்சத்துக்கு எதிரி யார் என்று ஊருக்கே தெரியும்: மண்வெட்டிப் பிடியால் மண்டையில் அடி வாங்கிய அருளையா. சிவகடாட்சத்துக்கு ஐந்து வருடம் கிடைத்தது.

யூரிமாரில் ஒருவர் பிறகு சிவகடாட்சத்தின் வழக்கறிஞரின் வீடு தேடி வந்தார். "எங்களுக்குச் சந்தேகம், ஐமிச்சம் இருந்ததுதான் ஐயா. அதாலதான் எதிரியின்ர பக்கம் நிண்டனாங்கள்."

அந்த ஒரு சொல்லை வைத்தே வழக்கறிஞர் மேன்முறையீடு செய்தார். நீதியரசர்கள் நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். எதிரி என்பது சட்டத்தில் உள்ள சொல், அதை யூரிமாருக்கு விளக்கத் தேவையில்லை என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் எழுந்து சுருக்கமாகச் சொன்னார்: "எதிரியின் மேன்முறையீடு தள்ளுபடி."

பின்வரிசையில் இருந்த சிவகடாட்சத்தின் மனைவி இராசமலர் கண்ணை மூடிக் கும்பிட்டாள். வாசலில் ஓடி வந்து, விலங்கு பூட்டிய அவர் கையைப் பிடித்தாள்.

"அருளையாவின்ர தள்ளுபடியாம், கேட்டனீங்களே? இதை எப்ப கழட்டுவினம்?"

காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் செல்லும்," என்றார் சிவகடாட்சம்.