பால்சுறா

மகளின் பேறுகாலத்துக்கு மலேசியா போக வேண்டிய விமானம் ரத்தானது. உப்பளத்தில் கூலிக்குப் போகும் சோலைத்தாய் நான்காவது முறையாகப் பெட்டியோடு பயண ஏஜென்சிக்கு வந்தாள். அதற்குள் பேரன் பிறந்து பதினோரு நாளாகிவிட்டது.

"வேற விமானமும் இல்ல, கட்டுன பணமும் இல்லங்கியளே. இது எந்த ஊரு நியாயம் தம்பி?"

"காத்திருக்கணும்க்கா. நாங்க என்ன செய்ய?"

"அப்ப பெட்டியும் இங்கயே காத்திருக்கட்டும். சுமந்து சுமந்து தோளு விட்டுப்போச்சு."

ஆள் தொலைந்தால் போதும் என்று ஏஜென்சிக்காரன் மேசைக்கடியில் இடம் காட்டினான். மறுநாளிலிருந்து கடைக்கு நான்கு நாள் பொங்கல் விடுமுறை.

பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் பஸ் ஏறினாள். மகளுக்குப் பால் ஊறக் கருவாடு போட்டுக் கொண்டுபோக நினைத்திருந்த பால்சுறா, காலையில் வாங்கிய பச்சையாகவே பெட்டிக்குள் கிடந்தது. முப்பது வருசம் உப்பு வாரிய கை, அதற்கு ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை.