வட்டம் பிசகாத கட்லெட்

"யார் காதுல பூ சுத்துறீங்க மாப்பிள்ளை? இதை நீங்க கையால செஞ்சீங்களா?"

மாமனார் பர்கரின் மேல் பன்னைத் திறந்து, உள்ளே இருந்த கட்லெட்டை முள்கரண்டியால் தூக்கிப் பிடித்தார். அச்சில் வார்த்தது மாதிரி அது அத்தனை வட்டமாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மருமகன் பதறிப்போனான்.

பதறாமல் என்ன செய்வான்? அவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். தெருமுனையில் மாமனாரின் கடை ஒன்று சும்மா பூட்டிக் கிடக்கிறது. அதில் பர்கர் கடை போடலாம் என்று சாவி கேட்டான். "முதல்ல உங்க கையால எனக்கு ஒரு பர்கர் செஞ்சு போடுங்க. கைப்பக்குவம் இருந்தா சாவி. இல்லேன்னா வேற வேலையைப் பாருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பரீட்சைதான் இன்று மதியம் மருமகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டிருந்தது.

"அப்பா, நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். வெங்காயம் நறுக்கினதுல இருந்து எல்லாம் அவர்தான்" என்றாள் மகள்.

"உன் புருஷனுக்கு நீ வேற எப்படிச் சாட்சி சொல்லுவே? செல்லாது, செல்லாது."

மருமகன் சமையலறைக்கு ஓடிப்போய் ஒரு சாமானோடு வந்தான். கீழே வட்டமான ஒரு தட்டு, அதில் கச்சிதமாக உட்காரும் ஒரு மூடி, மூடிக்கு மேலே ஒரு கைப்பிடி.

"இந்த பிரஸ்லதான் மாமா செஞ்சேன். கொத்துக்கறியை உருட்டி உள்ள வச்சு, மேல இருந்து ஒரே அமுக்கு. தடிமன் சீரா வரும். நடுவுல பச்சையா நிக்காது, ஓரம் கருகாது."

"அப்போ செஞ்சது மிஷினு! நீங்க அமுக்கினதோட சரி."

"கறியைப் பிசைஞ்சது நான்தான் மாமா. வேணும்னா இப்பவே உங்க கண்ணு முன்னாடி ஒண்ணு..."

கறி தீர்ந்துபோனது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஒரு கைப்பிடியைக் காட்டி என்னை ஏமாத்தப் பார்க்காதீங்க. இது சுத்தமான பாக்கெட் சரக்கு. பாக்கெட் சரக்குன்னா, என் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் கண்டுபிடிச்சுடுவேன்!"

மாமனார் சொன்னால் மறுபேச்சு பேச முடியுமா? பர்கர் விஷயத்தில் சொந்தபந்தம் முழுக்க அவர் வைத்ததுதான் சட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் பர்கர் விருந்து. அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். கூடமாட உதவிக்கு மனைவி மட்டும். மற்றபடி ஈ, காக்கா நுழையக் கூடாது. ரகசிய மசாலாவாம்! வறுக்கும் வாசனை மட்டும் வெளியே வரும். கடைசியில் சட்டையெல்லாம் மாவு அப்பிக்கொண்டு, பெரிய தட்டோடு அவரும் வருவார். எல்லாரும் கை தட்டுவார்கள்.

"என் கட்லெட்டைப் பார்த்திருக்கீங்கல்ல? ஒண்ணு காது மாதிரி இருக்கும், ஒண்ணு செருப்பு மாதிரி இருக்கும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கவே இருக்காது. ஏன்? அது கை! கையால செஞ்சா கோணத்தான் செய்யும். சாவியை மறந்துடுங்க மாப்பிள்ளை."

சொல்லிக்கொண்டே அந்த வட்டக் கட்லெட்டை முழுசாகத் தின்று முடித்து, விரலையும் நக்கிக்கொண்டார்.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த மாத வாடகையை நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் கோபத்தில் தண்ணீர்க் குவளையை டங்கென்று மேசையில் வைத்தாள்.

மாமனாருக்குப் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அந்த பிரஸ்ஸை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க சொல்றதும் சரிதான். மாப்பிள்ளைக்குக் கைவேலை போதாது. கத்துக்கட்டுமே! அடுத்த விருந்துக்குக் கதவைத் திறந்தே வச்சுடுவோம். ரெண்டு பேரும் எதிர்லயே உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்க ஒரே ஒரு கட்லெட் தட்டிக் காட்டுங்க, போதும்."

மாமனாருக்குப் புரையேறியது. மகள் தலையில் தட்டினாள். ஒரு குவளைத் தண்ணீரும் காலியானது.

"அதெல்லாம்... எதுக்கு அவ்வளவு தூரம்?"

"உங்க பேரு நிலைக்கணும்ல? நான்கூட உள்ள வரல. நீங்களே தனியா செய்ங்க."

மாமனார் சட்டைப்பையைத் துழாவினார். கடைச் சாவி மேசைமேல் வந்து விழுந்தது.

"சரி சரி, மாப்பிள்ளை ஆசைப்பட்டுட்டார். பொழச்சுப் போகட்டும்" என்று எழுந்து போனவர், கை கழுவிய கையோடு ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

மருமகனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தட்டுகளை அள்ளிக்கொண்டு மாமியார் பின்னாலேயே சமையலறைக்குப் போனான்.

"அத்தை, அப்படி என்ன மந்திரம் போட்டீங்க?"

மாமியார் ஹால் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பிரஸ்ஸை அவன் கையில் கொடுத்தார்.

"இதுக்கு நேர் எதிரா வேலை செய்யுற மிஷின் ஒண்ணு இருந்தா எனக்கு வாங்கிக் கொடுங்க மாப்பிள்ளை. மாசாமாசம் அவர் வாங்கிட்டு வர்ற பாக்கெட் கட்லெட்டை எல்லாம் கையாலேயே நசுக்கி நசுக்கிக் கோணலாக்கி, என் மணிக்கட்டே போச்சு!"