நாயுண்ணிப் பற்றைக்குள்

முதலில் தடியை விட்டுப் பார்ப்பேன். முழங்கால் உயரத்தில், இடமிருந்து வலமாக, மெல்ல.

ஒன்றும் தட்டுப்படாவிட்டால் ஒரு முழம் முன்னால் போய்க் குந்துவேன். பிறகுதான் நாயுண்ணிச் செடியில் கைவைப்பேன்.

அந்தப் பற்றைக்குள் எங்கேயோ கட்டுத்துவக்கு இருந்தது. பன்றி வருகிற தடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதன் நுனியைத் துவக்கின் விசையில் கொளுவி விடுகிறது. தட்டினது பன்றியா மனிசரா என்று துவக்குப் பார்க்காது.

கட்டினது என் மனிசன். கயிறும் கையுமாக அவர் பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்ததைக் கண்டேன், விறகுக்குப் போனார் என்று நினைத்தேன். அன்றிரவே காய்ச்சல் பிடித்து, ஒன்பது நாளாக வவுனியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அலவாங்கு எடுக்கப் போன இடத்தில்தான், குசினிக் கூரைக்குள் செருகி வைத்த துவக்கைக் காணவில்லை என்று கண்டேன். அப்போதுதான் அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. காய்ச்சலில் என்னிடம் சொல்ல மறந்துபோனார், பாவம். அவரிடம் கேட்கவும் வழியில்லை. வாட்டு முழுக்கச் சனம், இது கள்ளத் துவக்கு.

பற்றையை விட்டுவைக்கவும் ஏலாது. வெள்ளிக்கிழமை காணிக் கந்தோர் ஐயா வருகிறார். காணிக்கு வந்து ஆறு வருசமாகியும் கால்வாசி பற்றையாகக் கிடந்தால் பேர்மிற்றை வெட்டி, காணியைத் திருப்பி எடுத்துவிடுவாராம்.

மருந்து அடித்தால் பட்டுப்போகும் என்று சிலர் சொன்னார்கள். செடி பட்டாலும் கயிறு கயிறாகத்தானே நிற்கும். நெருப்பு வைத்தால் துவக்கு வெடிக்கும், ஆரைப் பார்த்து வெடிக்கும் என்று ஆர் கண்டது.

ஆகவே கைதான். பின்னேரம் அடியில் தண்ணீர் ஊற்றி, காலையில் அலவாங்கால் நெம்பி, வேரோடு இழுத்து, வேர் மேலே நிற்க வேலியில் போடவேண்டும். நிலத்தில் போட்டால் சனியன் திரும்பவும் வேர்விடும். கையெல்லாம் முள்ளுக் கீறி, சோறு குழைக்க எரிந்தது.

ஒவ்வொரு செடி அசையும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். கண்ணை மூடினால் குண்டு படாது என்ற நினைப்பாக்கும்.

பக்கத்துக் காணி என் தம்பி பாலனுடையது. அவனுக்கு நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் முதல் ஆளாய் வந்து குதிப்பான், அவன் பெண்சாதி விமலேஸ்வரிக்கு இப்போது ஏழு மாதம்.

இவருக்கும் அவனுக்கும் எல்லைக் கல் சண்டையால் ஆறு மாதமாகப் பேச்சில்லை. எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள அவன் நுழைந்து வருகிற வேலிப் பொட்டு அப்படியே கிடந்தது. பாதையை நாயுண்ணி மூடிக்கொண்டு வந்தது.

காய்ச்சல் பிடித்த அன்று பின்னேரம் இவர்தான் இறங்கிவந்தார்.

"உன்ரை தம்பியைப் பழையபடி பொட்டாலை வந்து தண்ணி அள்ளச் சொல்லு. எங்களுக்குள்ளை என்ன கோவம்."

நான் அம்மாளாச்சிக்குக் கற்பூரம் கொளுத்தினேன். பாலன்தான் வீம்பன். பார்ப்பம் என்று சொல்லிவிட்டு, றோட்டைச் சுற்றியே வந்து போனான்.

ஆஸ்பத்திரியில் கண் முழிக்கிற நேரமெல்லாம் இவர் அதையே கேட்டார், பாலன் தண்ணிக்கு வந்தவனோ என்று. இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார். இந்த மனிசனுக்குள் இவ்வளவு பாசமா என்று போர்வையை இழுத்து மூடிவிடுவேன். பற்றை துப்புரவாக்கப் போகிறேன் என்றபோது, நீ இறங்காதை, பாலனை இறங்கவிடு என்றார். என்னில் கரிசனை என்று அதற்கும் உருகினேன்.

நேற்றோடு முக்கால் பங்கு முடிந்தது. கயிறு அகப்படவில்லை.

இன்று வேலிப் பொட்டடியில் நாலைந்து பற்றைதான் மிச்சம். தடியை விட்டேன். முழங்கால் உயரத்தில் ஒன்றுமில்லை. திரும்பவும் விட்டேன். இவர் பத்துப் பன்றி விழுத்தின ஆள், அளவு பிசகமாட்டார்.

இடுப்பு விட்டுப்போகிறமாதிரி உளைந்தது. ஒருக்கால் நிமிர்ந்தேன்.

நெஞ்சில் ஏதோ உரசியது.

கொடியாக்கும் என்று தள்ளப்போன கை, அந்தரத்திலேயே நின்றது. கொடியில் முறுக்கு இருக்காது.

மூச்சை விடாமல் ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். கயிறு ஆடி, அடங்கியது. அது போன வழியே கண்ணைக் கொண்டுபோனேன். இரண்டு கவர்த்தடிகள், மேலே துவக்கு. வாய் காட்டுப் பக்கம் பார்க்கவில்லை. வேலிப் பொட்டால் கிணற்றுக்கு வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு நெஞ்சளவு உயரம். என்னைவிட ஒரு சாண் உயர்ந்தவனுக்கு வயிறு. அந்த உயரத்துக்கு எந்தப் பன்றி வளர்ந்தது?

அந்த நேரம்தான் வேலிக்கு அப்பால் வாளிச் சத்தம் கேட்டது.

"அக்கா, இண்டைக்கு இதாலை வாறன். அத்தானே வாய்விட்டுச் சொன்ன பிறகு எனக்கு என்ன வீம்பு."

"நில்லடா. அதிலேயே நில்." என் குரல் எனக்கே பிடிபடவில்லை.

அவன் பொட்டுக்குள் தலையை நீட்டியபடி நின்றான். பாம்போ என்று கேட்டான்.

ஓம் என்றேன்.

அடிக்க வரட்டோ என்றான். வேண்டாம், றோட்டாலே சுற்றி வா என்றேன். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

பாலன் உடனே போகவில்லை. வாளியைக் கை மாற்றிக்கொண்டு, சந்தோசமாகச் சொன்னான்.

"நாளைக்கு அத்தானுக்கு ஆஸ்பத்திரியிலை துண்டு வெட்டி வீட்டை விடுகினமாம். ஏத்திக்கொண்டு வர நான்தான் வண்டில் கட்டுறன்."